இரண்டு பேர் சொன்னால்தான் பாறை

காலைக் கொஞ்சம் எடுங்க. அந்தப் பெட்டிமேல வைக்காதீங்க. கோவமெல்லாம் இல்லீங்க, என் தொண்டையே அப்படி. மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி, இப்போ கோயில்ல நின்னு சாமி கும்பிட்டாலும் சண்டை போடறேன்னுதான் பூசாரி நினைக்கிறார். உட்காருங்க, உட்காருங்க. ஜன்னல் ஓரம் வேணும்னாலும் தர்றேன். கால் மட்டும் அந்தப் பக்கம்.

தர்மபுரியில ஏறினீங்களா? நான் பாலக்கோட்டுலயே ஏறிட்டேன். பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தானே கிடக்குது, என் பக்கத்துல ஏன் வந்தீங்க? சும்மா கேட்டேன். பின்னாடி தூக்கிப் போடுமா? சரி, அது ஒரு காரணம்தான். ஒத்துக்கறேன்.

பையில என்னங்க? கல்யாணப் பத்திரிகையா? பொண்ணுக்கா? நல்லது. மாப்பிள்ளையை நல்லா விசாரிச்சீங்களா? நல்ல பையன், வாயே திறக்க மாட்டான்னு சொல்றீங்க. அங்கேதான் இருக்குது விஷயம். நானும் அப்படித்தான் நினைச்சு ஒருத்தனுக்கு என் தங்கச்சியைக் குடுத்தேன். அவனாலதான் இன்னைக்கு இந்தக் கல்லைத் தூக்கிக்கிட்டுச் சேலத்துக்கு அலையறேன்.

ஆமா, கல்லுதான். பெட்டிக்குள்ள கல்லுதான் இருக்குது. கண்டக்டரும் சிரிச்சார். "சேலத்துல இல்லாத கல்லா அண்ணா? சுத்தி மலையாத்தானே நிக்குது"ன்னார். லக்கேஜ் போடணும்னு வேற. நான் விடுவேனா? "மடியில வச்சுக்கறேன், மடியில இருக்கறதுக்கு எந்த ஊருல லக்கேஜு? அப்போ கைக்குழந்தைக்கும் போடுவீங்களா?"ன்னு கேட்டேன். மனுசன் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிக்கப் போயிட்டார். தர்மபுரி வரைக்கும் மடியில வச்சுத்தான் வந்தேன். தொடை ரெண்டும் மரத்துப்போச்சு. உள்ளே போட்டதெல்லாம் கருங்கல்லு இல்லையா. அப்புறம் அவர் பார்க்காத நேரமாப் பார்த்துக் கீழே இறக்கினேன். பேரம்னா அப்படிப் பேசணும். நாம விடறோம்னு எதிராளிக்குத் தெரியவே கூடாது.

எனக்கு ரிக் ஆபரேட்டர் வேலைங்க. உடனே தண்ணி வந்துச்சான்னு கேட்டுடாதீங்க, எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. எங்க ஊரு திருச்செங்கோடு. அங்கே ரிக்குன்னா போர்வெல்லுதான். நானும் அதுலதான் ராடு தூக்கி வளர்ந்தேன். ஆந்திரா, ஒரிசான்னு லாரி மேலயே தூங்கி எந்திரிச்சவன். பள்ளிக்கூடத்துல வாங்க வேண்டிய அடியெல்லாம் டிரில்லர்மார் கையில வாங்கினேன். இப்போ செய்யறது வேற வேலை. பாலம் கட்டறாங்க, அணை கட்டறாங்க, பெரிய கட்டடம் கட்டறாங்கன்னா, அதுக்கு முன்னாடி பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு பார்க்கணும் இல்லையா? அதுக்கு ஓட்டை போடறவன் நான். எங்களுக்குத் தண்ணி வேண்டாம். பாறை வேணும். பாறை எங்கே இருக்குதோ அங்கேதான் தூண் கால் ஊன்றும். பாறையைத் துளைச்சு உருளை உருளையா எடுப்போம், கரும்புத் துண்டு மாதிரி. கோருன்னு சொல்லுவோம். அதைப் பெட்டியில வரிசையா அடுக்கி இன்ஜினியருக்குக் காட்டணும். இந்தப் பெட்டி அதுதான். நான் எடுத்த பாறை. என் பாறை.

எந்த ஆறுன்னா கேக்கறீங்க? அதை விடுங்க. பாலக்கோட்டுக்கு அங்கிட்டு ஒரு ஆறு. பேரு எதுக்கு உங்களுக்கு?

தப்பா நினைச்சுக்காதீங்க. அடிபட்டவன் அப்படித்தான் இருப்பான். முதல் முதல்ல ஒரு ராசிபுரத்துக்காரனோட கூட்டுச் சேர்ந்தேன். மாமா மாமான்னு உருகுவான். ஒருநாள் காலையில எந்திரிச்சுப் பார்த்தா கம்ப்ரஸரையும் காணோம், மருமகனையும் காணோம். அன்னையிலிருந்து ஒரு முடிவு பண்ணிட்டேன். இனிமே கூட்டுன்னா சொந்தத்துலதான். சொந்தம் இல்லாட்டிச் சொந்தமா ஆக்கிக்கிட்டுத்தான்.

அப்படி வந்தவன்தான் செங்கோடன். என் மாப்பிள்ளை. தங்கச்சி சம்பூரணத்தோட வீட்டுக்காரன். அவனை நான் எப்படிப் பொறுக்கினேன் தெரியுமா? அவன் வேறொரு ஓனருகிட்ட வேலை செஞ்சுக்கிட்டிருந்தான். டீக்கடையில பக்கத்துல போய் உட்கார்ந்து, அவன் ஓனரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருடன், கூலி குடுக்காதவன், அப்படி இப்படின்னு. வேலைக்காரன்னா என்ன பண்ணுவான்? அவனும் ரெண்டு சேர்த்துத்தானே சொல்லுவான். இவன் டீயை முழுசாக் குடிச்சான், டம்ளரைக் கழுவி வச்சான், "வர்றேனுங்க"ன்னு போயிட்டான். ஒரு வார்த்தை வாயிலிருந்து வரல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன்தான் மாப்பிள்ளைன்னு.

அன்னைக்கு அது பிடிச்சது. பேசாதவன் மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அதை அப்போ யோசிக்கல. நீங்களாவது யோசிங்க. பத்திரிகைதானே அடிச்சிருக்கீங்க, தாலி ஏறலையே.

சரி, கேளுங்க. எங்க வேலையில ரெண்டு இடம் முக்கியம். ஒண்ணு லீவர். அங்கே நான். ராடு நுனியில பல்லு மாதிரி பாறையை அறுக்கற பிட்டு கீழே எதுல ஓடுதுன்னு லீவர் வழியா உள்ளங்கைக்குத் தெரியும். மண்ணுன்னா ஒரு மாதிரி. கூழாங்கல்லுன்னா கட்டைவண்டியில போற மாதிரி உதறும். பாறைன்னா ஒரே சீரா, பூனையைத் தடவினா உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பு வருமே, அந்த மாதிரி. இன்னொரு இடம் தண்ணி. ராடு வழியா உள்ளே விடற தண்ணி, பிட்டைக் குளிர வச்சுட்டு, அரைபட்ட தூளைத் தூக்கிக்கிட்டு மேலே வரும். அதை ஒரு குழியில விடுவோம். அந்தக் குழிக்கிட்ட மாப்பிள்ளை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருப்பான். சாம்பல் நிறமா வந்தாப் பாறை. பழுப்பா வந்தா மண்ணு. விரல்ல தொட்டுத் தேய்ப்பான், சில சமயம் நாக்குல கூட வைப்பான், ரசத்துக்கு உப்புப் பார்க்கற மாதிரி.

ரிக் வாங்கினப்பவே ஒரு கட்டு வச்சேன். லீவர்ல இருக்கறவனும் 'பாறை'ன்னு சொல்லணும், தண்ணிக்கிட்ட இருக்கறவனும் 'பாறை'ன்னு சொல்லணும். ரெண்டு பேர் சொன்னாத்தான் பாறை. ஒருத்தன் சொன்னா அது வெறும் பேச்சு, மிஷினை நிறுத்தக்கூடாது. நான் வச்ச சட்டம்தான். எவனையும் நம்பாதவன் வேற எப்படிச் சட்டம் வைப்பான்? அவன் சோம்பேறித்தனமா நிறுத்திடக்கூடாதுன்னு வச்சேன். வருசக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு. கம்பெனிக்காரங்க மத்தியில எங்களுக்கு அதுதான் பேரு. "அர்த்தநாரி ரிக்கா? ரெண்டு பேரும் சொல்லிட்டாங்களா? அப்போ எழுதிக்கோ"ன்னுவாங்க. அர்த்தநாரி நான்தான்.

இந்த ஆத்துல மூணு ஓட்டை. ரெண்டு கரையிலயும் ஒவ்வொண்ணு, நடுவுல ஒண்ணு. கரை ஓட்டை ரெண்டுலயும் பாறை ஆழத்துல கிடந்துச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. எனக்கு எரிச்சல். ஏன்னா மேலே மலையில மேகம் கட்டிக்கிட்டிருந்துச்சு. ஆத்துக்குள்ள மணல்மூட்டை அடுக்கி மேடை போட்டு, அதுமேல மிஷினை நிறுத்தியிருக்குது. தண்ணி வந்தா எல்லாம் போச்சு. "தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுத் தர்றேன், இல்லாட்டி அடுத்த வேலையை எனக்குக் குடுக்காதீங்க"ன்னு கம்பெனியில வாய் குடுத்துட்டு வந்திருந்தேன். அப்படிச் சொல்லித்தான் தங்கராசுகிட்டயிருந்து இந்த வேலையையே பிடுங்கினேன். தங்கராசு குமாரபாளையத்துக்காரன், என்னை மாதிரி ரிக் வச்சிருக்கறவன். இப்போ அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னப் பாலத்துக்கு ஓட்டை போடறான். அவனும் மாப்பிள்ளையும் டீக்கடையில ஒண்ணா உட்கார்ந்து பேசினதை என் கண்ணால பார்த்தேன்.

என்னடா பேசினேன்னு கேட்டேன். "ஒரு பிட்டு கடனாக் கேட்டேன் மச்சான். நம்முது தேஞ்சுபோச்சு, நடுவுல ஆழம் போனா வேணும்"ங்கறான். பார்த்தீங்களா? எதிரிகிட்ட கை நீட்டறான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் வேண்டாம்னிருப்பேன், அதனாலதான் கேக்கல. ஒருத்தன் உங்களைக் கேட்காமச் செய்யறான்னா அதுல உங்களுக்கு எதிரா என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்.

நடு ஓட்டையை ஆரம்பிச்சோம். மணல், மணல், அப்புறம் கூழாங்கல்லு. திடீர்னு உள்ளங்கையில அந்தக் குறுகுறுப்பு. சீக்கிரமே வந்திருச்சு. சாமி கண்ணைத் திறந்துட்டார்னு நினைச்சேன். துளைச்சு வெளியே எடுத்தா, பார்க்கணுமே நீங்க, எண்ணெய் தேச்ச மாதிரிக் கருகருன்னு ஒரு கல்லு. உடைசல் இல்லை, வெடிப்பு இல்லை.

"பாறை"ன்னேன்.

அவன் குழிக்கிட்டயே குனிஞ்சிருக்கான். தண்ணியைப் பார்க்கறான்.

"பாறைடா மாப்ளே"ன்னேன்.

"இன்னொரு ராடு போட்டு இன்னும் ஆழம் பார்ப்போம் மச்சான். ஆத்துக்குள்ள உருண்டு வந்த பெரிய கல்லுகூட இப்படித்தான் இருக்கும்."

"எனக்குச் சொல்லித் தர்றியா? ஏன், தங்கராசு குடுத்த பிட்டுக்கு வேலை வேணுமா?"

"பிட்டுக்கு இல்லீங்க மச்சான். பாலத்துக்கு."

வாயே திறக்காதவன் திறந்தா எப்படித் திறக்கறான் பாருங்க! சரி, உன் ஆசையை ஏன் கெடுக்கணும்னு இன்னொரு ராடு போட்டேன். கொஞ்ச தூரம் சீராத்தான் போச்சு. அப்புறம் ஒரு இடத்துல, வாழைத்தண்டுல கத்தி இறங்கின மாதிரி, ராடு விருட்டுன்னு கீழே இறங்கிருச்சு. உள்ளங்கை சும்மா ஆயிருச்சு. லீவர் கையில இருக்குது, ஆனா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி.

உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மிஷின்ல கை வச்சிருக்கான். எண்ணெய் வால்வைத் தளர்த்தி விட்டிருக்கான். காலையில மிஷினுக்கு கிரீஸ் வச்சவன் அவன்தானே? தினமும் அவன்தான் வைப்பான், அது வேற விசயம். அன்னைக்கும் வச்சானா இல்லையா?

அதே நேரத்துல திரும்பி வர்ற தண்ணி பழுப்பாயிருச்சு. அது எப்படி? குழிக்குள்ள காலை விட்டுக் கலக்கியிருக்கான். நான் பார்க்கல. லீவரைப் பார்ப்பேனா, அவன் காலைப் பார்ப்பேனா? ஆனா வேற எப்படிப் பழுப்பாகும், நீங்களே சொல்லுங்க. மேலே சுத்தமான பாறை, கீழேயிருந்து மண்ணுத்தண்ணி வருதுன்னா நம்பற மாதிரியா இருக்குது?

ராடை வெளியே எடுத்தோம். கடைசித் துண்டோட அடியில களிமண்ணு. அதுல உருண்டையா ஒரு சின்னக் கூழாங்கல்லு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் ராடைக் கழட்டறதுக்குள்ள எப்போ கொண்டாந்து ஒட்டினான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அந்த வேகம் வேலையில இருந்தா எங்கேயோ போயிருப்பான்.

என்ன பண்ணினேனா? கழுவினேன். கோரைக் கழுவித்தான் பெட்டியில வைக்கணும், அதுதான் முறை. யாரைவேணும்னாலும் கேளுங்க. குழாயைத் திறந்து விட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, துடைச்சு, பெட்டியில வச்சேன். அவன் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். தடுக்கல. தடுக்க என்ன இருக்குது?

அந்த நேரத்துக்கு மேடம் வந்தாங்க. ஜெபசீலி மேடம், நாகர்கோவில்காரங்க, கம்பெனி அனுப்பின இன்ஜினியர். கரையிலயிருந்து மணல்மூட்டை மேல செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. பெட்டியைப் பார்த்தாங்க. உட்கார்ந்து பார்த்தாங்க. அந்தப் பொண்ணு பார்க்கறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. நகை வாங்க வந்த மாதிரிப் பார்ப்பாங்க.

"ரெண்டு கரையிலயும் பாறை அம்புட்டு ஆழத்துல கிடக்குல்லா. நடுவுல மட்டும் எப்படிண்ணே இவ்வளவு மேல வந்து நிக்கி?"

"பூமி உங்களைக் கேட்டுக்கிட்டா வளையும் மேடம்? ஏறும், இறங்கும்."

"ரெண்டு பேரும் சொன்னீங்களா?"

இதுதான் கேள்வி. எங்க சட்டத்தை எங்ககிட்டயே கேக்கறாங்க.

"சொன்னோம்"னேன். பின்னே? நான் சொன்னா அவன் சொன்ன மாதிரிதானே? மச்சான் பேச்சுக்கு மாப்பிள்ளை தனியா ஒரு பேச்சு வச்சிருப்பானா?

மேடம் அவன் மூஞ்சியைப் பார்த்தாங்க. அவன் குழியைப் பார்த்தான். ஆமான்னு சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஒரு தலையாட்டல் போதும் அந்த இடத்துல. ஆடு மாடு கூட ஆட்டும். இவன் ஆட்டல. மேடம் எந்திரிச்சாங்க. "எனக்கு ஒரு சந்தேகம் இருக்குண்ணே. பக்கத்துலயே இன்னொரு குழி போட்டுப் பார்த்துருவோம். நீங்களே போடுங்க"ன்னாங்க.

என் ஓட்டைக்குப் பக்கத்துல, என்னையே இன்னொரு ஓட்டை போடச் சொல்றாங்க! சமைச்சவளையே வச்சு, சோத்துல கல்லு இருக்கான்னு சல்லடை போடச் சொல்ற மாதிரி. "முடியாது. வேணும்னா வேற ஆளை வச்சுப் போட்டுக்கோங்க"ன்னுட்டேன். கோவத்துல சொன்னது. பேரத்துல அப்படிச் சொன்னா எதிராளி இறங்கி வருவான். இவங்க இறங்கல. "சரிண்ணே, தங்கராசு வண்டி பக்கத்துலதானே நிக்கி"ன்னு போனை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மேடம் கரை ஏறினதும் நான் அவனை அறைஞ்சேன். ஆமா, அறைஞ்சேன். தங்கச்சி வீட்டுக்காரனைத்தான். தக்காளிப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஆத்தைக் கடந்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. அக்கரையில முழுக்கத் தக்காளிக் காடு. பாலம் வராம அவங்க படற பாடு பெரும்பாடு. வெள்ளம் வந்தாத் தக்காளி அங்கேயே அழுகிப்போகும். ஒரு பெரியவர் பெட்டியை இறக்காமலே கேட்டார், "ஏனப்பா, நட்டு வைக்க வந்த ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிட்டா, தூணு எப்படி நிக்கும்?"னு. உங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்கன்னேன்.

அவன் திருப்பி அடிக்கலையே. கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கல. நான் ஆத்திரத்துல ஓடவிட்டுட்டு வந்த மோட்டாரைப் போய் நிறுத்தினான். மோட்டார் தண்ணியில்லாம ஓடிக்கிட்டிருந்துச்சாம், எரிஞ்சுபோகுமாம். பாருங்க, அடி வாங்கினவுடனே செய்யற வேலையா அது? எனக்குப் பொறுப்பு இல்லைன்னு ஊருக்குக் காட்டறான்.

நேத்து தங்கராசு வண்டி ஆத்துக்குள்ள இறங்கிருச்சு. நான் அந்தப் பக்கமே போகல. ஒரு பம்ப்செட் ரூமுல படுத்துக்கிட்டேன். இன்னைக்குக் காலையில அவன் மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. அடுத்தவன் மிஷின் நம்ம இடத்துல ஓடற சத்தம் இருக்குதே, அது கேட்கக்கூடாத சத்தம்ங்க. எந்திரிச்சேன், ஷெட்டுக்குப் போனேன், பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? விட்டு வச்சா அதுலயும் ஏதாச்சும் ஒட்டி வைப்பாங்க. சேலத்துல கம்பெனி ஆபீசுல மேடத்துக்கும் மேல பெரிய இன்ஜினியர் இருக்கார். அவர்கிட்ட நேரா வச்சு, "இதைப் பாருங்க, இது பாறையா இல்லையா, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்கப்போறேன். அவர் பாறைன்னுட்டா முடிஞ்சுது. தூண் அங்கேயே நிக்கும், என் பேரும் நிக்கும். இல்லைன்னுட்டார்னா இனிமே எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடாது. அதனாலதான் காலை வைக்காதீங்கன்னேன்.

அடிக்குது பாருங்க போனு. காலையிலயிருந்து அடிக்குது. மேடம்தான். எடுக்க மாட்டேன். எடுத்தாப் பெட்டி எங்கேம்பாங்க, திருடன்னு ஒரு பட்டம் கட்டுவாங்க. அடிக்கட்டும்.

தொப்பூர்க் கணவாய் வந்திருச்சு. இங்கே லாரிக்காரன் எவனையும் நம்பக்கூடாது. டிரைவர் மெதுவாப் போறார், நல்ல டிரைவர்.

இல்லையே, இது மேடம் இல்லை. சம்பூரணம். தங்கச்சி. இருங்க, இதை எடுக்காம இருக்க முடியாது. எடுக்கலைன்னா நேரா பஸ் ஏறி வந்துடுவா.

சொல்லும்மா... பஸ்ஸுல இருக்கறேன்... சாப்பிட்டேன். ஆமா, சாப்பிட்டேன், யாரு கேக்கச் சொன்னது?... அறைஞ்சதைச் சொல்லிட்டானா? சொல்லலையா? அப்புறம் எதுக்கு அழுவறே?... மெதுவாச் சொல்லு. பஸ் சத்தத்துல கேக்கல... என்ன?... யாரு சொன்னது?... அவனேவா?... எப்போ?... என்ன கேக்கறான் அவன்?... சரி. சரி வை. அழுவாதே. வைன்னா வை.

கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட?

என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகலைங்க. தங்கராசு ஓட்டையில கல்லைத் தாண்டிருச்சாம். அந்தக் கருங்கல்லு முடிஞ்சு கீழே மணல் வந்திருச்சாம். திரும்பவும் களிமண்ணாம், கூழாங்கல்லாம். இன்னும் போய்க்கிட்டிருக்காங்களாம். உருண்டு வந்த கல்லாம், வீடு அகலத்துக்கு. ஆத்துல மணலுக்கா பஞ்சம்? ரெண்டு கூடை அள்ளிப் போட்டுட்டு கீழேயிருந்து வந்துச்சுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இல்லை. மேடம் பக்கத்துலயே நின்னாங்களாம். அவங்க கண்ணு முன்னாடி அள்ளிப் போட முடியாது. அதையும் சொல்லணும் இல்லையா.

அதை விடுங்க. அது இல்லை விசயம். அந்த செங்கோடன் இருக்கானே, அவன் மேடத்துகிட்ட போய் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "மச்சான் மேல தப்பு இல்லீங்க. தண்ணியைப் பார்த்தவன் நான். நான்தான் பாறைன்னு சொன்னேன். என் வாயை நம்பித்தான் அவர் நிறுத்தினார்"னு சொல்லியிருக்கான். இனிமே எந்த சைட்டுலயும் தண்ணிக்கிட்ட அவனை உட்கார வைக்கக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் இல்லையாம். ரிக் நிக்கலாமாம், வேற ஆளை வச்சு ஓட்டிக்கலாமாம். அடுத்த வேலையும் உண்டாம்.

நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே, வாய் திறக்காதவனை நம்பக்கூடாதுன்னு? பார்த்தீங்களா, வாயைத் திறந்தான், முழுப் பொய்யி.

பொய்தாங்க! அவன் எங்கே சொன்னான்? நான் உங்ககிட்ட சொன்னேன்ல, அவன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. நான் கத்தியும் சொல்லல, மேடம் கேட்டும் சொல்லல, அறைஞ்சும் சொல்லல. அப்படிப்பட்டவன் இப்போ போய், கல்லுக்குக் கீழே மணல் வந்ததுக்கு அப்புறம், நான்தான் சொன்னேன்ங்கறான். இதுல அவனுக்கு என்னங்க லாபம்? சொல்லுங்க. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க.

ரிக் ஓடினா அவனுக்கும் பங்கு வரும், அதுக்காகவா? இருக்கலாம். ஆனா தண்ணி பார்க்கறது ஒண்ணுதாங்க அவனுக்குத் தெரிஞ்சது. பாறையைத் தப்பாச் சொன்னவன்னு பேரு வந்துட்டா எந்த ரிக்குலயும் அவனைக் குழிக்கிட்ட விடமாட்டாங்க. ராடுதான் தூக்கணும், இந்த வயசுல. தங்கராசு கூப்பிட்டுக்குவானா? தங்கராசு என்ன பைத்தியமா? தங்கராசு கண்ணெதிரேதானே இவன் அப்படிச் சொல்லியிருக்கான். என்னைக் கடன்காரனாக்கவா? அப்படின்னா என்கிட்ட வந்து சொல்லிக் காட்டணும் இல்லையா, உன்னைக் காப்பாத்தினேன்னு. ஒரு போன் இல்லை. தங்கச்சிகிட்ட கேட்டேன், அவன் என்ன கேக்கறான்னு. "ஒண்ணும் கேக்கலண்ணா. நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னார்"ங்கறா.

இதுதாங்க எனக்குப் பயமா இருக்குது. நான் எத்தனையோ பேரோட பேரம் பேசினவன். காண்ட்ராக்டர், லாரிக்காரன், ஸ்பேர்பார்ட்ஸ் மார்வாடி, எல்லாரோடவும். எவனும் சும்மா குடுக்க மாட்டான். முதல்ல குடுக்கறவன் பின்னாடி பெரிசாக் கேட்பான். இவன் குடுத்துட்டான். என்ன வேணும்னு சொல்ல மாட்டேங்கறான். விலை சொல்லாம ஒருத்தன் குடுத்துட்டுப் போனா நான் எதை வச்சுங்க அவன்கிட்ட பேரம் பேசறது?

சும்மா இருந்துடலாமே, அதான் உங்க பேரு காப்பாத்தப்பட்டுடுச்சேங்கறீங்களா? இருந்துடலாம். பேசாம வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும். அதைத்தான் அவன் எதிர்பார்க்கறான். நான் மூடிக்கிட்டு இருப்பேன்னு கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கான். என்னை யாருன்னு நினைச்சான்?

இது ஓமலூருங்களா? கண்டக்டரே, இருங்க, விசில் அடிக்காதீங்க. எறங்கணும். ஆமா, டிக்கெட் சேலத்துக்குத்தான், பரவாயில்லை. ரோட்டைத் தாண்டினா தர்மபுரி வண்டி வரும்ல?

கல்யாணத்துக்கா? வர்றேன், குடுங்க பத்திரிகையை. மாப்பிள்ளையை மறுபடி ஒரு தடவை விசாரிங்க.

ஆபீசுக்கு இல்லைங்க, நேரா ஆத்துக்குத்தான் போறேன். மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே போய் நிக்கணும். மேடம் இருக்கணும், தங்கராசு இருக்கணும், அந்தத் தக்காளிக்காரங்க எல்லாம் இருக்கணும். எல்லார் முன்னாடியும் வச்சு அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கப்போறேன். டேய், நீ எப்போடா பாறைன்னு சொன்னே? யாரு காதுல விழுந்துச்சு? நான் மட்டும்தானேடா சொன்னேன்? ஒருத்தன், நான் ஒருத்தன் மட்டும்தானே சொன்னேன்? சொல்லட்டும் பார்க்கலாம். அப்போ தெரிஞ்சு போயிரும்ங்க, யாரு பொய்யன்னு.